நீர்மாலைப் போர்வை

தங்கபாய் அந்தப் பொதியைத் தலையில் வைத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தபோது, செல்லக்கனி அம்மாவின் தாடைக்கட்டை மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தாள். விடியக்காலையில் யாரோ அவசரத்தில் போட்ட முடிச்சு, நழுவி நழுவி வந்தது. சுடலையம்மாளின் வாயை மூடி வைப்பது அவள் உயிரோடு இருந்தபோதே யாராலும் ஆகாத காரியம், இப்போது ஒரு முழத் துணிக்கு அடங்கிவிடுவாளாக்கும் என்று தலைமாட்டில் இருந்த பெரியம்மா சொல்லிவிட்டாள். அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகைக்கா சிரிப்புக்கா என்று தெரியவில்லை.

பொதியைப் பார்த்ததும் ஒப்பாரி நின்றுபோனது. அது என்ன என்று அந்தத் தெருவில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஏட்டி செல்லக்கனி, உங்கம்மாவ இங்க கெடத்திட்டு இது மட்டும் செட்டியார்பட்டில எம் பொட்டிக்குள்ள எதுக்குக் கெடக்கணும்? அதான் தூக்கிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிப் பொதியை இறக்கினாள் தங்கபாய். இறக்கிய பிறகுதான் அழுதாள். வலது கையில் நாலு விரல்தான் அவளுக்கு. ஒன்றை மில்லில் மிஷின் பட்டை எடுத்துக்கொண்டது. அந்த நாலு விரலாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "சுடலக்கா, இப்பிடி நடுவுலயே விட்டுட்டுப் போயிட்டியேக்கா" என்று உட்கார்ந்தாள்.

ராஜபாளையத்தில் அந்த மில்லின் ரீலிங் செக்‌ஷனில் எல்லாரும் பெண்கள். நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை. ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். சுடலையம்மாளும் தங்கபாயும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே நின்றவர்கள். எண்பத்தெட்டில் புது மேனேஜர் வந்தார். பொம்பளைகள் கக்கூசுக்குப் போகிறேன் என்று போய்க் கதை பேசிவிட்டு வருகிறார்கள் என்று கக்கூசுக்குப் பூட்டுப் போட்டார். சாவி மேஸ்திரி இடுப்பில். போக வேண்டியவள் பக்கத்து செக்‌ஷனில் இருக்கும் மேஸ்திரியிடம் வந்து, அங்கே இருக்கிற அத்தனை ஆண்களுக்கு நடுவே கையை நீட்டிச் சாவி வாங்கிக்கொண்டு போக வேண்டும். மாதாந்திர நாட்களிலும் அப்படித்தான். அந்த மேஸ்திரி வேறு யாருமில்லை, சுடலையம்மாளின் கூடப்பிறந்த தம்பி காசிராஜன்.

ஒருநாள் ரீலிங் பெண்கள் எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்று சாவியைக் கேட்டார்கள். சாவி கிடைக்கவில்லை. நின்றவர்கள் அத்தனை பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர்கள் கொடி பிடித்தார்கள், தட்டி எழுதி வைத்தார்கள். மில்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய், மில் வாசல் பக்கம் இந்தப் பெண்கள் கொடி பிடிக்கக் கூடாது, தட்டி வைக்கக் கூடாது, எழுதக் கூடாது, கோஷம் போடக் கூடாது என்று உத்தரவு வாங்கி வந்தார்கள்.

சுடலையம்மாள் அந்த உத்தரவை ஒரு பையனிடம் கொடுத்து இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "போர்வ போத்திக்கிடக் கூடாதுன்னு இருக்கா?" என்றாள். அப்படி எதுவும் இல்லை.

பிறகு வீடு வீடாகப் போனாள். நிறுத்தப்பட்ட ஒவ்வொருத்தியும், அன்றைக்கு வாசலில் நின்றபோது உடுத்தியிருந்த சேலையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டில் தனக்கு மில்லில் நடந்ததை அவளவள் கையாலேயே நூலால் வரைந்து தைக்க வேண்டும். எழுத்து கூடாது; படம்தான். தங்கபாய் நாலு விரல் கை ஒன்றைத் தைத்தாள். ஒருத்தி மிஷினுக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் தூங்கும் பிள்ளையைத் தைத்தாள். ஒருத்திக்குப் படம் வராது என்று வெறும் சிவப்பு வட்டம் ஒன்றைத் தைத்துவிட்டு, "பொம்பளைகளுக்குப் புரியும்" என்றாள். எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக ஒட்டி, உள்ளே பழைய வேட்டிகளை நாலு மடிப்பு வைத்து, குறுக்கும் நெடுக்கும் ஓட்டுத் தையல் போட்டது சுடலையம்மாள். தன்னுடைய துண்டை நடுவில் வைத்தாள். அதில் பெரிய மீசையும் சின்னத் தொந்தியுமாக ஒரு ஆள், இடுப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு சாவி.

மீசைக்குக் கறுப்பு நூலை இரட்டையாக ஓட்டியிருந்தாள். ஊரில் சின்னப்பிள்ளைகூட அது யார் என்று சொல்லும்.

சித்திரை வெயிலில் எல்லாரும் மில் வாசலுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து அந்த ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டார்கள். ஏட்டையா வந்து, "என்னம்மா, மண்டையப் பொளக்குற வெயில்ல போர்வ?" என்று கேட்க, "குளிர்க்காச்சல் சார், எல்லாத்துக்கும் ஒண்ணா வந்துருச்சு" என்றாள் சுடலையம்மாள். மில்லில் இருந்து, உள்ளே வைத்திருப்பது எங்கள் கழிவுப் பஞ்சு, திருட்டுச் சாமான் என்று புகார் வந்தது. போலீஸ் ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்தது. புருசன் வேல்சாமியின் பழைய வேட்டிதான் வெளியே வந்தது. கிழிந்த மூலையைச் சிவப்பு நூலால் தைத்து அதற்குப் போலீஸ் தையல் என்று பேர் வைத்தாள். அதற்கப்புறம் போர்வை ஒரே வீட்டில் தங்குவதில்லை. மாதத்துக்கு ஒரு வீடு. மம்சாபுரம் வரைக்கும்கூடப் போய் வந்தது.

செல்லக்கனி மில்லுக்குப் போனவள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு வாக்கப்பட்டுப் போனவள். அம்மா போலீஸ் வேனில் ஏறும் ஒவ்வொரு தடவையும் மாமியார் வீட்டில் சட்டிபானை சத்தம் கூடும். ஒருநாள் ஆத்திரத்தில், "எனக்கும் ஒரு துண்டு வச்சுத் தையேன், நானும் மாட்டிக்கிடுதேன்" என்று கேட்டிருக்கிறாள். "நீ அங்க நின்னியா? இல்லேல்ல. பொறவு எதுக்குத் துண்டு?" என்று சொல்லிவிட்டாள் அம்மா. அம்மாவுக்குப் பஞ்சு இருமல் முற்றிவிட்டது என்று போன மாசம் பார்க்க வந்தபோதும் அதைத்தான் சொன்னாள். இன்றைக்கு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது இருமல் நின்றிருந்தது.

வெளியே பெஞ்சு போட்டு, பாடைக்காரனை வரச்சொல்லி, பறையடிக்க ஆள் சொல்லி, எல்லாவற்றையும் காசிராஜன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த வீட்டுக் கோடி அவர் கொண்டுவந்ததுதான், நல்ல மஞ்சள் சேலை. மேனேஜர் கொடுத்தனுப்பிய மலர் வளையத்தையும் கொண்டுவந்திருந்தார். அதை யாரும் கையில் வாங்காததால் சுவரில் சாய்த்து வைத்தார். இப்போது பக்கத்து வீட்டு ஆடு அதில் பாதியை முடித்திருந்தது. யாரும் விரட்டவில்லை.

அவர் உள்ளே வந்து பொதியைப் பார்த்தார். தங்கபாயைப் பார்த்தார். சண்டை வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் குரல் தழுதழுத்தது.

"நல்ல காரியம் செஞ்ச தங்கபாய். அக்கா உசுரக் குடுத்துத் தச்சது. கோடிக்கு மேல இத அவ மேலயே போத்திருவோம். அவளோடயே கட்டைல போகட்டும். அவளுக்கு இல்லாம வேற யாருக்கு?"

கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ரீலிங் பெண்கள் இரண்டு பேர் ஓவென்று அழுதார்கள். பெரியம்மா, "அவுக சொல்லுததுதான் சரி" என்றாள். அம்மாவுக்கு அது பெரிய மரியாதைதானே என்று செல்லக்கனிக்கும் தோன்றியது. பொதியின் முடிச்சை அவிழ்க்கக் கையைக்கூட நீட்டிவிட்டாள்.

தங்கபாய் பொதியின் மேல் கையை வைத்தாள். "எங்களுக்கு சங்க ஆபீஸ் உண்டா, கொடி உண்டா? வேலை போன கேஸ் எப்ப முடியும்னு ஆருக்குத் தெரியும். ஆளுக்கொரு ஊர்ல கெடக்கோம். இது வாசலுக்கு வாற அன்னைக்குத்தான் நாங்க ஒண்ணா இருக்கோம். இதையும் எரிச்சுட்டா பொறவு என்ன இருக்கு எங்களுக்கு?"

"செத்த வீட்ல வந்து கேஸ் பேசாத" என்றார் காசிராஜன்.

செல்லக்கனி அவரைப் பார்த்தாள். அவர் கண் பிணத்தின் மேல் இல்லை. பொதி கொஞ்சம் அவிழ்ந்து, அந்த இடைவெளியில் கறுப்பு நூல் மீசை ஒரு பக்கம் தெரிந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருசம் மில் வாசலில் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்வந்த மனுசன்.

அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை.

"அம்மா மேல வேண்டாம் மாமா" என்றாள். "பொணத்து மேல கோடிதான் போடணும். ஒட்டுத்துணி, உடுத்துன துணி போட மாட்டாங்கள்ல. முறை அதான?"

பெரியம்மா யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான், பழசு ஆகாது" என்றாள். முறை காசிராஜன் கொண்டுவந்த கோடியிலேயே இருந்தது. அதை எதிர்த்து என்ன பேசுவது?

நீர்மாலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பிணத்தைக் குளிப்பாட்ட உறவுக்காரர்கள் போய்த் தண்ணீர் எடுத்து வர வேண்டும். குடம் சுமந்து வருகிறவர்களின் தலைக்கு மேல் நாலு பேர் நாலு கம்பில் துணி பிடித்து வருவார்கள். அந்த மேலாப்புத் துணியை வெளுத்துக் கொண்டுவருவது தெருவுக்குத் துணி வெளுக்கிற இருளம்மாள். அவள் வெள்ளை வேட்டியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

தெருக் கிணறு வற்றிப் பல வருசம் ஆகிறது. இப்போதெல்லாம் எந்த வீட்டு நீர்மாலையும் மில் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற தர்மக் குழாய்க்குத்தான் போகும். தங்கபாய் அதை நினைத்தாளா, செல்லக்கனி நினைத்தாளா என்று பின்னால் அவர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. ஆனால் வாயைத் திறந்தது செல்லக்கனி.

"மேலாப்புக்கு இதப் புடிப்போம்."

"எத?" என்றார் காசிராஜன்.

"போர்வைய. நீர்மாலைக்கு ஒட்டுத்துணி ஆகாதுன்னு எதும் முறை இருக்கா பெரியம்மா?"

பெரியம்மா இந்தத் தடவை ரொம்ப நேரம் யோசித்தாள். "அப்பிடிக் கேள்விப்பட்டதில்ல" என்றாள்.

"கோர்ட்டு உத்தரவுல நீர்மாலைக்குத் தடையும் இல்ல" என்றாள் தங்கபாய். அழுதிருந்த முகத்தில் பழைய தங்கபாய் எட்டிப் பார்த்தாள்.

இனிமேல்தான் சண்டை என்று செல்லக்கனி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். காசிராஜன் இருளம்மாள் கையில் இருந்த வெள்ளை வேட்டியைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். பிறகு தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "சரி. உங்க இஷ்டம். புடிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவ்வளவு லேசில் அவர் விட்டுக்கொடுத்தது செல்லக்கனிக்கு ஒரு மாதிரி இருந்தது. அதை யோசிக்க அப்போது நேரமில்லை.

இருளம்மாள் மட்டும், "இதவா புடிக்கப் போறிய?" என்று கேட்டாள்.

"ஆமா."

"ம். புடிங்க" என்று சொல்லி வேட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கம்பு பிடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஆண்கள்தான் பிடிக்க வேண்டும். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் மில்லில் இருந்தார்கள். ஒருவருக்குத் தோள் வலி வந்தது. ஒருவர் பாடைக்கு மூங்கில் பிளக்கிறதைப் பார்த்து வருவதாகப் போனார். மற்றவர்கள் பீடி பற்ற வைத்தார்கள். தங்கபாய், "விடுங்கட்டி, சிட்டம் தூக்குன கைக்குக் கம்பு கனக்கவா செய்யும்" என்று ஒரு கம்பை எடுத்தாள். ரீலிங் பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொன்று எடுத்தார்கள். நாலாவது கம்பு தரையில் கிடந்தது.

வேல்சாமி அதுவரைக்கும் பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர், தறிச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று பேச்சையே விட்டவர். பெண்டாட்டி போர்வை தைத்த மாதங்களில் அவர் ஒரு வார்த்தை நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. வேட்டி குறைந்துகொண்டே வருகிறது என்று மட்டும் ஒருநாள் சொன்னார். புருசன்காரன் பிணத்தை விட்டு எழுந்து நீர்மாலைக்குக் கம்பு பிடிக்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலாவது கம்பை எடுத்தார்.

"மச்சான், நீங்க உக்காருங்க" என்றார் காசிராஜன் வெளியிலிருந்து.

வேல்சாமி அவரைத் தாண்டிப் போனார்.

பறை முன்னால் போனது. போர்வை கனத்தது; வேட்டி மாதிரி காற்றில் ஆடவில்லை, நடுவில் தொய்ந்து தலையைத் தொட்டது. செல்லக்கனி இடுப்பில் குடத்தோடு அதற்கு அடியில் நடந்தாள். நாலு மடிப்பைத் தாண்டி வெயில் இறங்கவில்லை; அவள் கையிலும் குடத்திலும் போர்வையின் நிழல் விழுந்துகொண்டே வந்தது. படம் தைத்த பக்கம் மேலே இருந்ததால் அடியிலிருந்து பார்த்தால் பழைய வேட்டியும் ஓட்டுத் தையலின் பின்பக்கமும்தான் தெரிந்தது; முடிச்சும் நூல் நுனியுமாக. மாடியில் நின்றவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மாடியில் இருந்து ஒரு பெண்பிள்ளை, "அந்தா மேஸ்திரி" என்று கத்தியது கேட்டது.

மில் வாசலில் ஏட்டையா கம்பை நீட்டி மறித்தார்.

"என்னம்மா இது, திரும்பவும் பேனரா?"

"நீர்மாலை சார்" என்றாள் செல்லக்கனி.

"நீர்மாலைக்கு வெள்ளத் துணிதான புடிப்பாங்க? இதுல படம்லாம் கெடக்கு."

"பூப்போட்ட சேலைல பூ இருக்காதா சார்?" என்றாள் தங்கபாய்.

"நீ பேசாத. உன்னைய எனக்குத் தெரியும். இந்த இடத்துல நீ நிக்கவே கூடாது."

"நிக்கல சார், நடந்துட்டுத்தான் இருந்தோம். நீங்கதான் மறிச்சு நிப்பாட்டுனிய."

பறையடிக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏட்டையாவுக்குக் கோபம் வந்தது. போர்வையின் மூலையைப் பிடித்து, "எறக்குங்க கீழ" என்றார். போலீஸ் தையல் இருந்த மூலை அது.

வேல்சாமி பேசினார். தறி ஓடும்போது பேசுகிற மாதிரி, தேவைக்கு மேல் சத்தமாகத்தான் அவருக்குப் பேச வரும்.

"எம் பொண்டாட்டி செத்துக் கெடக்கா. குளிப்பாட்டத் தண்ணி எடுக்கணும். எறக்கணும்னா எறக்குதேன். நீங்க வந்து பதில் சொல்லுங்க, அவகிட்ட."

கேட்டுக்குள்ளே இருந்த வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினான். ஏட்டையா கையை எடுத்தார். "சீக்கிரம் போங்க, சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு, பிணம் எதிரே வந்த மாதிரி அவரும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.

யாரும் சீக்கிரம் போகவில்லை. தர்மக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. ஒவ்வொரு குடமும் நிறைகிற வரைக்கும் வாசலுக்கு நேராகப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. ஒரு குடம் நிறைந்ததும், விளிம்பில் ஈ விழுந்துவிட்டது என்று தங்கபாய் அதைக் கீழே கொட்டிவிட்டு முதலில் இருந்து பிடிக்கச் சொன்னாள். ஈ எதுவும் விழவில்லை.

திரும்பி வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் சேலை உடுத்தி, நெற்றியில் வட்டப் பொட்டு வைத்தார்கள். தாடைக்கட்டை அவிழ்த்தபோது வாய் மூடித்தான் இருந்தது. செல்லக்கனிக்கு அது பிடிக்கவில்லை.

வாசலில் தங்கபாய் கம்புகளை உருவிப் போர்வையை மடிக்கப் போனாள். இருளம்மாள் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடு தாயி."

"எத?"

"மேலாப்பு. நீர்மாலைக்குப் புடிச்ச துணி வெளுக்குறவளுக்குத்தான? திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாதுல்ல."

தங்கபாயின் நாலு விரலும் போர்வைக்குள் இறங்கிப் பிடித்தன. சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த முறைதான். எத்தனை சாவு வீட்டில் எத்தனை வேட்டி இப்படிப் போயிருக்கிறது. வழக்கமாக அது இருளம்மாளே கொண்டுவரும் வேட்டி, அவளே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் யாருக்கும் நினைவு வரவில்லை.

காசிராஜனுக்கு நினைவு இருந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே, "குடுத்துரு தங்கபாய்" என்றார். "முறைன்னா முறைதான? காலைல எங்கிட்ட முறை பேசுனா எம் மருமக. நான் ஏதாச்சும் சொன்னேனா?"

செல்லக்கனி பெஞ்சின் பக்கம் திரும்பினாள். அதனால்தான் அவ்வளவு லேசாக, சரி, புடிங்க என்றாரா?

"பதிலுக்குப் புதுவேட்டி ரெண்டு தாரோம் இருளம்மா" என்றாள் தங்கபாய். "இத விட்ரு. இது ஊர்ச்சொத்து."

"புடிச்சதுதான் எனக்கு வரணும்" என்றாள் இருளம்மாள். "மாத்திக் குடுத்தா சாவு என் வீட்டுக்கு வரும்னு எங்க மாமியா சொல்லுவா. நான் காலைலயே கேட்டேன்ல, இதவா புடிக்கப் போறியன்னு."

கேட்டாள்தான். பறையடிக்கிறவர்கள், பாடைக்காரன், சொந்தக்காரர்கள், எல்லாரும் செல்லக்கனியைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லிவிடலாம். கையில் இருந்து பிடுங்க இருளம்மாளுக்கு யார் துணை இருக்கிறார்கள்? தெருவில் ஒருத்தரும் அவளுக்காகப் பேச மாட்டார்கள். அது தெரிந்துதான் அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், இறக்காமல். மில்லில் ஆண்களுக்கு நடுவே சாவிக்குக் கை நீட்டி நின்றதைப் பற்றி அம்மா சொல்லியிருக்கிறாள்.

"விட்ருங்க சித்தி" என்றாள் செல்லக்கனி.

"ஏட்டி, கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?"

"அவிய உரிமை. விட்ருங்க."

தங்கபாய் விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். இருளம்மாள் போர்வையை மடித்து, வெள்ளை வேட்டியால் சுற்றித் தலையில் வைத்தாள். அவள் சந்து முனை தாண்டுவதற்குள் காசிராஜன் எழுந்துபோய், எல்லார் காதிலும் விழும்படியே சொன்னார்: "இருளம்மா, பொழுது சாய நான் அங்க வாரேன். நல்ல சேலையா ரெண்டு எடுத்துட்டு வாரேன். அத எங்கிட்ட குடுத்துரு, என்ன?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் சுமையோடு எப்படித் திரும்புவாள்?

பாடை போனதும் தங்கபாய் செல்லக்கனியோடு பேசாமல் செட்டியார்பட்டிக்குப் பஸ் ஏறினாள். ரீலிங் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் சாவு வீட்டு வழக்கம். ஆனால் இவர்கள் போனது வேறு மாதிரி இருந்தது. அம்மா மூன்று வருசம் காப்பாற்றியதை மகள் ஒரே பகலில் தொலைத்துவிட்டாள் என்று அவர்கள் நடையிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் ஆண்கள் எலும்பு எடுத்துக் காடாத்தச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். செல்லக்கனி வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது தங்கபாய் மில் பக்கமிருந்து மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"வா" என்றாள்.

"எங்க சித்தி?"

"பேசாம வாட்டி."

கருமாதி முடிகிற வரைக்கும் சாவு வீட்டுப் பெண் தெருவில் இறங்கக் கூடாது. பெரியம்மா உள்ளிருந்து கூப்பிட்டாள். செல்லக்கனி ஈரக் காலோடு இறங்கிப் போனாள்.

மில் வாசலுக்கு நேர் எதிரே இரண்டு வேப்பமரம். மில் வருவதற்கு முன்பிருந்தே இருளம்மாளின் மாமியார் துணி காயப்போட்ட இடம் அது. மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் போர்வை தொங்கியது. வெளுத்த வெளுப்பில் ஒவ்வொரு துண்டும் புதுசாக இருந்தது. ஏட்டையா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் தள்ளிக் காசிராஜன், சுடுகாட்டுக்குப் போகாமல், வேலைக்குப் போகிற உடுப்பில்.

"நேத்து நீர்மாலை. இன்னைக்கு என்ன?" என்றார் ஏட்டையா.

"ஈரத்துணி சார்" என்றாள் இருளம்மாள்.

"யாருது?"

"என்னுதுதான்."

"ஒம் பேரு என்ன?"

"இருளம்மா."

ஏட்டையா சட்டைப்பையில் இருந்து கோர்ட்டு உத்தரவின் நகலை எடுத்தார். அதில் தடை போட்டிருந்த பெண்களின் பெயர்களை விரல் வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். திருப்பிப் போட்டும் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நேத்து சாயந்தரமே சேலையோட வந்தேன்ல" என்றார் காசிராஜன், பல்லைக் கடித்துக்கொண்டு. "வெளுத்துட்டுத் தாரேன்னு சொன்னயா இல்லையா?"

"ஆமாய்யா. பொணத்துக்குப் புடிச்சத வெளுக்காம குடுத்தா ஒங்களுக்குத்தான் ஆகாது. வெளுத்தாச்சு. காயணும்ல."

"எப்பக் காயும்?"

"உள்ள வேட்டி நாலு மடிப்பு இருக்கு. அம்புட்டு லேசுல காயுமா? வெயிலு அடிச்சா ஒரு வாரம். மழ வந்துட்டா சொல்ல முடியாது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "காஞ்ச பொறவு இன்னொரு வாட்டி வெளுக்கணும். அழுக்கு முழுசாப் போகலைல்லா."

காசிராஜனுக்கு எதிரே, ஆள் உயரச் சாவியோடு, அந்த மீசையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் குடையை விரித்து முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துக்கொண்டு மில்லுக்குள் போனார்.

செல்லக்கனி கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இருளம்மாள் அவளைப் பார்க்கக்கூட இல்லை. போர்வையின் அடி விளிம்பைப் பிழிந்து பார்த்துவிட்டு, "தண்ணி அம்புட்டும் கீழ எறங்கி நிக்கு. தலகீழாப் போட்டாத்தான் வடியும்" என்றாள். "அந்தப் பக்கம் புடி தாயி. ஒத்த ஆளுக்குக் கனக்கு."

செல்லக்கனி இரண்டு மூலையையும் சேர்த்துப் பிடித்தாள். நேற்று தலைக்கு மேல் போனபோது இருந்ததைவிடப் பல மடங்கு கனம். தங்கபாய் நடுவில் புகுந்து தோள் கொடுத்தாள். மூன்று பேருமாகத் தூக்கிக் கயிற்றின் மேல் புரட்டியபோது தண்ணீர் கொட்டி, சரிவில் ஓடி, ரோட்டைத் தாண்டி மில் வாசல் வரைக்கும் போனது. சங்கு ஊதியது. ஷிப்டு முடிந்து வந்த புதுப்பெண்கள், ரீலிங்கில் இப்போது நிற்கிறவர்கள், கேட்டுக்கு வெளியே வந்தார்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த ஈரத்தைத் தாண்டிப் போகாமல், போர்வையைப் பார்த்தபடி அப்படியே நின்றார்கள்.